கலன் வரிசையும் பாதியில் அறுந்த இணைப்பும்

"கடை யாழ்ப்பாணத்தில், தரவுத்தளம் கொழும்பில். ஆர்டர்களை அங்குள்ள வரிசையிலிருந்து இணையம் வழியே எடுக்கிறோம். எடுக்கும்போதே மின்சாரம் போனால் அந்த ஆர்டர் என்னாகும்?" சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கணினி மேசையில் எலுமிச்சம்பழம் கட்டியும் பார்த்தாராம். அதை அவிழ்த்துக் கரைத்துக் குடித்துவிடலாம். ஆர்டர் எங்கும் போகாது.

தரவுத்தளத்தின் கதவை இணையத்துக்கு நேரே திறந்துவிடுவதில்லை. நடுவில் ஒரு வலைச் சேவையகம் நின்று, எச்டிடிபி (இணையப் பக்கங்கள் வந்துபோகும் நெறிமுறை) வழியே வரும் கோரிக்கையை ஆளறிந்து வாங்கி உள்ளே கொடுக்கும். ஓரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருள் தன் 9ஐ பதிப்பிலேயே, செய்திகளை (நம் கதையில் ஒவ்வொரு ஆர்டரும் ஒரு செய்தி) எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வடிவ உறையிலிட்டு இப்படி அனுப்பவும் எடுக்கவும் வழி வைத்திருந்தது. இதெல்லாம் தபால்காரர் வேலை.

அழகு உள்ளே இருக்கிறது. 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வைத்த வரிசை நினைவிருக்கும்: ஆட்கள் மர நிழலில், கலன்கள் வரிசையில். இரண்டு ஊழியர்கள் நிரப்புகிறார்கள் என்று வையுங்கள். முதல் கலனில் ஒருவர் கை வைத்துவிட்டால் மற்றவர் காத்துக்கிடக்காமல் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போவார். ஆனால் நிரப்பி, கொப்பியில் பதியும்வரை முதல் கலன் வரிசையை விட்டு நகராது. ஊழியர் பாதியில் எழுந்து போனாலும் அது அதே இடத்தில், அடுத்த கைக்காக இருக்கும். தரவுத்தளத்தில் செய்தியை எடுப்பதும் இவ்வளவுதான்: அட்டவணையில் அந்தச் செய்தி இருக்கும் வரியில் ஒரு பூட்டு. பரிவர்த்தனை (முழுதாக நடக்கும், அல்லது நடக்காததாகவே ஆகிவிடும் வேலைத்தொகுதி) உறுதியானால்தான் வரி அழியும். அறுந்தால் பூட்டு மட்டுமே கழன்று விழும். பூட்டிய வரியைத் தாண்டிப் போகும் கட்டளை போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளுக்கு 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பில்தான் கிடைத்தது. இத்தனை எளிய ஒன்று இத்தனை தாமதமாக வந்தது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இணையத்தில் ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பூட்டுக்குப் பதில் கெடு. அமேசானின் இணைய வரிசைச் சேவையான எஸ்க்யூஎஸ், எடுத்த செய்தியை வழக்கமாக 30 விநாடி மற்றவர் கண்ணில் படாமல் மறைக்கும். அதற்குள் "முடிந்தது, அழி" என்று சொல்லாவிட்டால் அது மீண்டும் தலைகாட்டும். பொருளை அனுப்பிவிட்டு, அதைச் சொல்லும் கணத்தில் மின்சாரம் போனால்? அதே ஆர்டர் மறுபடி வரும்; ஒரே வீட்டுக்கு இரண்டு மூட்டை அரிசி போகும். வாசகர் பயப்பட வேண்டியது ஆர்டர் தொலைவதற்கு அல்ல, இதற்குத்தான். விற்பனையைப் பதியும் அதே பரிவர்த்தனையில் ஆர்டர் எண்ணையும் எழுதிவையுங்கள். அந்த எண் ஏற்கெனவே இருந்தால், மூட்டையைத் தொடாமல் செய்தியை மட்டும் அழித்துவிடலாம்.