கோலிக்குண்டு போட்டு ஓட்டு

மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் தேர்தல் நாளில் வாக்குச்சாவடிப் பக்கம் சைக்கிள் ஓட்டக் கூடாது. சைக்கிள் மணியை அடித்தால் யாரோ ஓட்டுப் போட்ட மாதிரியே கேட்குமாம்.

செனகலுக்கு நடுவே ஆற்றை ஒட்டி நீளமாகக் கிடக்கிற இந்தக் குட்டி நாட்டில் 1960களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் வாக்குச்சீட்டுக்குப் பதில் கோலிக்குண்டு வந்தது. உங்கள் கையில் ஒரே ஒரு கோலியைக் கொடுத்து மறைப்புக்குள் அனுப்புவார்கள். அங்கே வேட்பாளருக்கு ஒன்றாகத் தகர டிரம்கள், ஒவ்வொன்றும் அவரவர் நிறத்தில், படம் ஒட்டி. மேலே இருக்கும் குழாயில் கோலியைப் போட்டால் உள்ளே உள்ள மணியில் பட்டு 'டிங்' என்று ஒலித்துவிட்டு அடியில் விழும். கோலியோடு கோலி மோதிச் சத்தம் வந்து குழப்பக் கூடாதென்று அடியில் மணலோ மரத்தூளோ பரப்பியிருப்பார்கள். வெளியே அலுவலர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு டிங் என்றால் சரி, இரண்டு கேட்டால் ஆளைப் பிடி.

எண்ணுவதற்கு 200 அல்லது 500 குழி வைத்த பலகை. குழிகள் நிரம்பிவிட்டால் கணக்கு முடிந்தது.

ஆனால் இதே டிரம்களை வைத்துத்தான் 1994இல் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த யாஹ்யா ஜாமே நான்கு தேர்தல்களில் ஜெயித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 1 அன்று இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன: எதிர்க்கட்சிகள் பலவும் சேர்ந்து அடாமா பாரோ என்ற ஒரே ஆளை நிறுத்தின; கோலிகளை வேறெங்கும் கொண்டுபோகாமல் வாக்குச்சாவடியிலேயே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் எண்ணினார்கள். என் பார்வையில் மணியைவிட இதுதான் பெரிய கருவி.

பாரோ ஜெயித்தார். ஜாமேயும் டிவியில் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்புறம்தான் வேடிக்கை: தேர்தல் ஆணையம் ஒரு பகுதியின் முடிவுகளைக் கூட்டுவதில் தவறிவிட்டதாகச் சொல்லித் திருத்தியதில் வித்தியாசம் சுமார் 51,000இலிருந்து 19,000 ஆகச் சுருங்கியது. கோலியில் பிழையில்லை, காகிதத்தில் போட்ட கூட்டல்தான் பிழை. பாரோவே முன்னிலையில் இருந்தாலும் ஜாமே அதைப் பிடித்துக்கொண்டு டிசம்பர் 9 அன்று பேச்சை மாற்றினார். பாரோ 2017 ஜனவரி 19 அன்று பக்கத்து நாடான செனகலின் தலைநகர் டாக்கரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்க வேண்டியதாயிற்று. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படைகள் எல்லை தாண்டி வந்த பிறகுதான், இரண்டு நாள் கழித்து, ஜாமே நாட்டைவிட்டுக் கிளம்பினார்.

2021 டிசம்பரிலும் கோலிதான். 2016இல் மூன்றாக இருந்த டிரம்கள் அப்போது ஆறு.