அனபெல்லைத் தரையோடு வெட்டாதீர்கள்

நியூ ஜெர்சியில் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிப்பது என் தொழில். ஜூலையில் ஒரு கனமழை பெய்துவிட்டால் போதும், "ஹைட்ரேஞ்சா பூவெல்லாம் மண்ணில் சாய்ந்து கிடக்கிறது, செடி செத்துவிடுமா?" என்று கேட்பார்கள். சாகாது. பெரும்பாலும் கோளாறு மார்ச் மாதக் கத்தரிப்பில்தான்.

ஸ்மூத் ஹைட்ரேஞ்சா அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் தானாக வளரும் புதர். தோட்டங்களில் அதிகம் காண்பது இல்லினாய் மாநிலத்தில் கண்டெடுத்த, இதன் 'அனபெல்' ரகம். அந்தந்த ஆண்டு துளிர்க்கும் கிளையில்தான் இது பூக்கும் என்பதால், குளிர்காலக் கடைசியில் எவ்வளவு வெட்டினாலும் பூ வரும். அந்தத் தைரியத்தில் தரையோடு வெட்டிவிடுகிறார்கள். புதிய தண்டுகள் மெலிசாக, நெடுநெடுவென்று வளரும். ஓரடி அகலம்வரை விரியும் பூங்கொத்து மழைநீரையும் பிடித்துக்கொண்டால் அவை எப்படித் தாங்கும்? ஒன்றரை அடி உயரத்துக்குப் பழைய தண்டை விட்டுவையுங்கள். காய்ந்ததையும் குச்சி போன்றதையும் மட்டும் அடியோடு எடுங்கள். புல்வெளிக்குப் போடும் நைட்ரஜன் உரமும் தண்டைத் தளரவைக்கும். வசந்தத்தில் கொஞ்சம் மக்கிய உரம் போதும்.

ஊட்டியில் பார்த்த நீலப் பூ வேண்டும் என்று சிலர் அலுமினியம் சல்பேட் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஊட்டியில் பார்த்தது தடித்த, பளபளப்பான இலையுள்ள வேறு ஹைட்ரேஞ்சா இனம். அனபெல் இளம்பச்சையில் தொடங்கி, வெளுத்து, மறுபடி பச்சையாகும்; எந்த மண்ணிலும் நீலமாகாது. அந்த ஊட்டி இனம் உங்களிடம் இருந்தால் மார்ச்சில் கத்தரியை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் முந்தைய ஆண்டுத் தண்டில் பூப்பது, மொட்டெல்லாம் போய்விடும்.

அனபெல்லுக்குக் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம் நல்லது. வேர் மேலாகவே ஓடுவதால் இரண்டு மூன்று அங்குலம் மரச்செதில் மூடாக்குப் போடுங்கள். மதியத்தில் இலை துவண்டால் உடனே குழாயைத் திறக்க வேண்டாம், மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானே நிமிரும்.

வசந்தத்தில் நுனி இலைகள் ஒட்டிப் பை மாதிரி இருந்தால் உள்ளே ஒரு புழு இருக்கும். கிள்ளி எறிந்தால் போதும், மருந்து தேவையில்லை. செடியின் எல்லாப் பாகமும் நச்சு; நாயும் தவழும் குழந்தையும் உள்ள வீட்டில் நடைபாதை ஓரம் நடாதீர்கள்.

அப்புறம், தேனீ வரவேண்டும் என்றால் அனபெல் அவ்வளவாக உதவாது, அதில் மலட்டுப் பூக்களே அதிகம். தட்டையாகப் பூக்கும் 'ஹாஸ் ஹேலோ' ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.