டிஃபரென்ஷியல் சீல்: ‘வேறுபட்ட முத்திரை’ அல்ல

பழைய மோரிஸ் மைனர் காரின் பின்னச்சில், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரென்ஷியலிலிருந்து எண்ணெய் ஒழுகாமல் தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் விளிம்பு வளையம்தான் ‘டிஃபரென்ஷியல் சீல்’. அங்கே எண்ணெய் ஒழுகினால், அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘வேறுபட்ட முத்திரையை மாற்றுக’ என்று தமிழில் எழுதுகிறார்கள். படிப்பவர் எதை மாற்றுவார்? மொரீசியஸ் கராஜில் அதன் பிரெஞ்சுப் பெயரான ‘ஜுவேன் ஸ்பி’ என்று கேட்டால் உடனே கையில் தருவார்கள். ‘முத்திரை’ என்றால் தபால் நிலையத்துக்குத்தான் வழி சொல்வார்கள்.

சீல், லத்தீன் ‘சிகில்லும்’ வழி வந்தது. சிறு அடையாளம் என்று பொருள். மெழுகால் மூடி அடையாளமிட்டதால், கசியாமல் மூடுவது என்ற பொருளும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. நம் முத்திரைக்கு அந்தப் பொருள் இல்லை. பிரெஞ்சின் ‘ஸ்பி’யோ ஒரு நிறுவனப் பெயரின் முதலெழுத்துகள்.

‘எண்ணெய் அடைப்பான்’ என்பது முத்திரையைவிடக் கெடுதல், பாதி சரியாக இருப்பதால். அடைப்பான் துளையை முழுக்க மூடும். இங்கோ தண்டு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். ரப்பர் விளிம்பு, தண்டின் முனையிலுள்ள இணைப்புத் தட்டான ஃபிளாஞ்சின் கழுத்தை மெல்லத் தொடும். நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால்தான் கருகாது. ஆகவே பொருத்துமுன் விளிம்பில் எண்ணெய் தடவ வேண்டும். சுருள்வில் உள்ள பக்கம் உட்புறம் பார்க்க வேண்டும். கோணாமல் தட்டி இறக்க வேண்டும். கழுத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதியதும் ஒழுகும். அதற்கு மெல்லிய உலோக உறை போட வேண்டும், அல்லது ஃபிளாஞ்சையே மாற்ற வேண்டும்.

‘அடைப்பான்’ என்று நம்பியவர் ஒழுக்கு நிற்கட்டும் என்று, டிஃபரென்ஷியலுக்குள் விசையைக் கொண்டுசெல்லும் சிறு பற்சக்கரமான பினியனின் நட்டை இறுக்குவார். அந்த நட்டு வளையத்தை நெருக்குவதில்லை, பினியனின் பேரிங்குகளைப் பிடித்துவைக்கிறது. பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் குழல் உள்ள அச்சுகளில் அவற்றின் முன்னழுத்தத்தை, அதாவது அவை எவ்வளவு இறுக்கமாக அமர்கின்றன என்பதை, அந்த நட்டே முடிவுசெய்கிறது; மிகையாக இறுக்கிவிட்டுத் தளர்த்தினால் பழைய நிலை திரும்பாது. புதுக் குழல்தான் போட வேண்டும். கழற்றுமுன் நட்டிலும் தண்டிலும் குறியிட்டு, பினியனைச் சுழற்றத் தேவைப்படும் விசையையும் அளந்து வைப்பது இதற்காகத்தான். அச்சுக்கூட்டின் காற்றுத்துளையையும் முதலில் பார்க்க வேண்டும். அது அழுக்கால் மூடியிருந்தால், ஓட்டத்தில் சூடேறிய காற்று எண்ணெயை விளிம்பு தாண்டித் தள்ளும். அப்போது வளையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

எனவே ‘எண்ணெய்த் தடுப்பு வளையம்’ என்பதே சரி. எண்ணெயைத் தடுக்கும், தண்டைத் தடுக்காது; வடிவத்தையும் சொல்கிறது. அச்சுக்கூட்டின் முன்மூக்கில் இருப்பது பினியன் தடுப்பு வளையம். சக்கரப் பக்கம் இருப்பது அரைத்தண்டுத் தடுப்பு வளையம். பின்னது ஒழுகினால் பிரேக் நனையும். ‘டிஃபரென்ஷியல் சீல்’ இரண்டையும் குழப்புகிறது.

பிரெஞ்சில் ‘போன்’ என்றால் பாலம்; ஆனால் கார் கையேட்டின் ‘போன் அரியேர்’ பின்னச்சையே குறிக்கும். அதைப் ‘பின் பாலம்’ என்று எழுதுவோர், அகராதியில் முதலில் வந்த பொருளோடு நின்றுவிட்டவர்கள். ரூபாய்த் தாளிலேயே தமிழ் அச்சிடும் மொரீசியஸில் உதிரிபாகச் சீட்டுக்கு இந்தக் கதி வேண்டாம். காரின் ஆண்டையும் வளையத்தின் மூன்று அளவுகளையும், அதாவது உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகியவற்றைப் பெயருடன் சேர்த்து எழுதுங்கள். பழைய ஆங்கிலக் கார்களில் அவை அங்குலத்தில் இருக்கும்.