கே 03.8 போட்டால் காசு வராது

காரைக்குடியில் எங்கள் கிளினிக்குக்கு வரும் ஆச்சிகளின் பல்லைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். வெற்றிலைக் காவி ஒரு பக்கம், விரலில் பல்பொடி வைத்துப் பரபரவென்று தேய்த்து ஈறோரம் வெட்டு விழுந்த பல் இன்னொரு பக்கம். பகலில் பல் டாக்டர், ராத்திரியில் அமெரிக்க இன்சூரன்ஸ் கிளெய்ம்களுக்கு மெடிக்கல் கோடிங் (ஒவ்வொரு நோய்க்கும் ஐசிடி-10-சிஎம் பட்டியலில் உள்ள எண்ணைப் போடும் வேலை) என்று ஓடுகிற எனக்கு, ஆச்சி வாயைத் திறந்ததுமே காவிக்கு கே 03.6, வெட்டுக்கு கே 03.1 என்று மனசு எழுதிவிடும். (வெற்றிலைக் கறையை அந்த 03.6-க்குக் கீழே பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள், முதல்முறை பார்த்தபோது சிரித்துவிட்டேன்.) ஆச்சி சுருக்குப்பையிலிருந்து காசை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், இங்கே கோடு எண்ணை யார் கேட்கிறார்கள்!

அங்கே கேட்பார்கள். புதிதில் விரிசல் விட்ட பல்லுக்கு கே 03.8 போட்டேன், அப்படியே திரும்பி வந்தது. அது வெறும் தலைப்பு; அதன் கீழே விரிசலுக்கு 03.81, மற்றவைக்கு 03.89 என்று பிரிகிறது. கீழே கிளை இருந்தால் மேலே உள்ளதை பில்லில் போடக்கூடாது. அதற்காக எல்லாவற்றுக்கும் ஒரு எண்ணைக் கூட்டவும் கூடாது, 03.0 முதல் 03.7 வரை அதோடு முடிந்தது. அப்புறம், அதே பல் கீழே விழுந்து அடிபட்டு உடைந்திருந்தால் கே வரிசையே கிடையாது, எஸ் 02.5-க்குப் போய் ஏழாவது எழுத்துவரை நிரப்ப வேண்டும். சொத்தை என்றால் கே 02, அதில் எனாமலோடு நின்றதா, அதன் அடியிலுள்ள டென்டினுக்குள் போனதா, பல்கூழைத் தொட்டதா என்று ஆழம் தெரிய வேண்டும்.

நிறைய பேர் வழுக்குவது தேய்மானத்தில்தான். பல்லோடு பல் உரசித் தேய்ந்தால் 03.0, பிரஷ்ஷோ பொடியோ அறுத்தால் 03.1, புளிப்புக் குடிபானமோ ஓயாத வாந்தியோ அரித்தால் 03.2. கூட வேலை பார்க்கும் பெண் போன வாரம், “அக்கா, சார்ட்டில் பல் தேய்ந்திருக்கிறது என்று மட்டும்தான் இருக்கு, 03.0 போட்டுடவா?” என்றாள். வேண்டாம், டாக்டரிடமே கேட்டு அனுப்பு, ஊகிப்பது நம் வேலை இல்லை என்றேன். 03.9 போட்டுத் தப்பிக்கலாம்தான், செல்லுபடியாகிற கோடுதான், ஆனால் அது எதையுமே சொல்லாத கோடு.

அவளுக்கு இவ்வளவு பேசிவிட்டு மறுநாள் என் கிளினிக் கேஸ் ஷீட்களைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்தில் ‘பல் தேய்மானம்’, அவ்வளவுதான்.