இன்சுலின் போட்ட பொட்டை அழிக்கிற என்சைம்

போன மாசம் பட்டர்வொர்த்ல அத்தை வீட்டுக்கு போயிருந்தேன். அவங்களுக்கு இனிப்புநீர் வந்து பத்து வருசத்துக்கு மேல ஆகுது, மாமாக் கடைக்கு போனா பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் மட்டும்தான் கேப்பாங்க. லேப்ல என்னம்மா செய்யுறன்னு கேட்டாங்க, இன்சுலினோட சம்பந்தப்பட்ட ஒரு மனுச என்சைம் சின்ன ட்யூப்ல வரும் அத்தை, அத வச்சு டெஸ்ட் பண்றேன்னு சொன்னேன். உடனே "அப்ப அத எனக்கு ஊசி போட்டா சரியாயிடுமா?"ன்னு கேட்டுட்டாங்க. போட்டா இன்னும் மோசமாத்தான் ஆகணும் அத்தைன்னு சொன்னதும் அவங்க முகம் மாறிப்போச்சு. ஏன் அப்படி சொன்னேன்னு அன்னிக்கு முழுசா விளக்க முடியல, அதான் இப்ப உக்காந்து எழுதுறேன். 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவுல பெரியவங்கள்ல 15.6 சதவீதம் பேருக்கு இனிப்புநீர் இருக்கு, அப்படின்னா கிட்டத்தட்ட ஆறு பேர்ல ஒருத்தர், அதனால இது எங்க வீட்டு கதை மட்டும் இல்ல.

அந்த என்சைம் பேரு பிடிபி1பி. முதல்ல இன்சுலின் என்ன செய்யுதுன்னு பாக்கணும். இன்சுலின் செல்லுக்குள்ள போய் வேலை செய்யுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா அது செல்லோட வெளிப்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற ரிசெப்டர்ல, அதாவது சேதி வாங்குற புரோட்டீன்ல, வந்து உக்காரும், அவ்வளவுதான். அது உக்காந்த உடனே ரிசெப்டரோட உள்பக்கம் முழிச்சுக்கிட்டு தன் மேல இருக்கிற டைரோசின்ங்கிற அமினோ அமிலத்துல பாஸ்பேட்ட ஒட்டிக்கும், நெத்தியில பொட்டு வைக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க. அந்த பொட்ட பாத்து பக்கத்துல இருக்கிற புரோட்டீன் வரும், அதுக்கும் ஒரு பொட்டு விழும், அப்படியே சேதி ஒண்ணு மாத்தி ஒண்ணு உள்ள போயி கடைசியில தசை செல்லுலயும் கொழுப்பு செல்லுலயும் சர்க்கரைய உள்ள விடுற கதவு மேல வந்து நிக்கும். ரத்தத்துல இருக்கிற சர்க்கரை அந்த வழியா குறையுது.

ஆனா வச்ச பொட்டு அப்படியே இருந்தா சேதி நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், அது உடம்புக்கு ஆகாது. அதனால பொட்ட அழிக்கிறதுக்குன்னே தனியா என்சைம்கள் இருக்கு, அதுல இன்சுலின் ரிசெப்டர் பொட்ட அழிக்கிற முக்கியமான ஆளு நம்ம பிடிபி1பி. 1988ல நிக்கலஸ் டோங்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் அவங்க கூட இருந்தவங்களும் இத மனுச நஞ்சுக்கொடியில இருந்து பிரிச்சு எடுத்தாங்க, அதே ஃபிஷர்தான் பாஸ்பேட் ஒட்டுறதும் கழட்டுறதும் பத்தின ஆராய்ச்சிக்கு எட்வின் கிரெப்ஸோட 1992ல நோபல் வாங்கினவரு. அப்புறம் 1999ல இந்த என்சைம உண்டாக்குற ஜீன எடுத்துட்ட எலிங்கள பாத்தா, இன்சுலின் அதுங்க உடம்புல நல்லா வேலை செஞ்சுது, கொழுப்பு சாப்பாடு போட்டும் அவ்வளவா குண்டாகல. அப்பத்தான் மருந்து கம்பெனிங்க எல்லாம் திரும்பி பாத்தாங்க. அத்தைக்கு நான் சொன்ன பதிலும் இதுதான், நமக்கு வேணும்னா இந்த என்சைம தடுக்கிற பொருள்தான் வேணும், என்சைம் இல்ல. ஊசியில போட்டாலும் புரோட்டீன் அவ்வளவு சுலபமா செல்லுக்குள்ள போகாது, அது வேற விசயம்.

இது பொட்டு அழிக்கிற விதம் எனக்கு ரொம்ப பிடிக்கும். என்சைம் மேல ஒரு ஆழமான குழி இருக்கு, டைரோசின் நீளமா இருக்கிறதால அதோட நுனியில இருக்கிற பாஸ்பேட் குழி அடி வரைக்கும் எட்டும், செரின் த்ரியோனின்ங்கிற மத்த அமினோ அமிலத்துல ஒட்டின பாஸ்பேட்டா இருந்தா கை குட்டை, எட்டாது. அடியில, என்சைமோட அமினோ அமில வரிசையில 215வதா வர்ற சிஸ்டீன் காத்துக்கிட்டு இருக்கும், பாஸ்பேட் வந்ததும் பக்கத்துல இருக்கிற ஒரு வளையம் மூடி மாதிரி மூடிக்கும், சிஸ்டீன் பாஸ்பேட்ட தன் மேல பிடுங்கிக்கும், அப்புறம் ஒரு தண்ணி மூலக்கூறு வந்து அத விடுவிக்கும். ஆனா இவ்வளவு துடிப்பா இருக்கிற சிஸ்டீனுக்கு ஒரு பலவீனம், ஆக்சிஜனேற்றம் பட்டா உடனே வேலைய நிறுத்திடும். செல்லே இத பயன்படுத்திக்குது, இன்சுலின் வந்ததும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைட உண்டாக்கி இந்த என்சைம கொஞ்ச நேரம் சும்மா இருக்க வைக்கும், அதுக்குள்ள சேதி போயிடும்.

அந்த பலவீனம் எனக்கு ஒரு தடவ நல்லா புரிஞ்சுது. ட்யூப் வெளிநாட்டுல இருந்து டிரை ஐஸ்ல பாயான் லெபாஸ் ஏர்போர்ட்டுக்கு வந்து சேர்ந்துச்சு, மைனஸ் 80 ஃப்ரீசர்ல சின்ன சின்னதா பிரிச்சு வச்சேன், ஏன்னா திரும்ப திரும்ப உருக்கி உறைய வச்சா செத்துடும். நாங்க செய்யுற டெஸ்ட்ல பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட்னு ஒரு நிறமில்லாத பொருள போடுவோம், என்சைம் அதுல இருந்து பாஸ்பேட்ட கழட்டினா, கடைசியில காரம் ஊத்தினதும் மஞ்சத்தண்ணி மாதிரி நிறம் வரும், 405 நானோமீட்டர்ல படிக்கலாம். அன்னிக்கு மஞ்சளே வரல. நாள் முழுக்க என்சைம் கரைஞ்சிருக்கிற பஃபர் கரைசல மாத்தி மாத்தி பாத்துட்டு கடைசியில பாத்தா சிஸ்டீன ஆக்சிஜனேற்றத்துல இருந்து காப்பாத்துறதுக்கு போடுற டிடிடிங்கிற பொருள் பழசு, அதுவே ஆக்சிஜனேற்றம் ஆகிப்போச்சு. புதுசா கரைச்சு போட்டேன், அதே ட்யூப்ல இருந்த என்சைம் மறுபடி வேலை செஞ்சுது, டெஸ்ட் பண்ற குழித்தட்டு, அதான் பிளேட்டு, மஞ்சளா மாறினத பாத்தப்ப சந்தோசத்துல கண்ணு கலங்கிடுச்சு.

மனுச என்சைம்னு சொன்னாலும் இப்ப யார் உடம்புல இருந்தும் எடுக்கிறது இல்ல. 20வது குரோமோசோம்ல இருக்கிற அந்த ஜீனோட நகல பிளாஸ்மிட்ங்கிற சின்ன டிஎன்ஏ வளையத்துல வச்சு ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள விடுவாங்க, ரீகாம்பினன்ட்னு சொல்றது இதத்தான். முழு என்சைம் 435 அமினோ அமிலம், ஆனா வால் பகுதி செல்லுக்குள்ள இருக்கிற சவ்வுல ஒட்டிக்கிறதுக்குன்னு இருக்கு, லேபுக்கு அது தேவையில்ல, அதனால பெரும்பாலும் 321 வரைக்கும் போதும்னு வெட்டிடுவாங்க. ஹிஸ்டிடின்ங்கிற அமினோ அமிலம் ஆறு கொண்ட ஒரு ஒட்டு சேத்து, நிக்கல் இருக்கிற ஒரு குழாய்ல பிடிச்சு சுத்தம் பண்ணுவாங்க.

அத்தை அப்புறம் மிசாய் கூச்சிங், அதான் பூனை மீசை மூலிகை இலைய கொதிக்க வச்சு குடிக்கலாமான்னு கேட்டாங்க. நிறைய லேப்ல இலை வேர் சாறெல்லாம் இந்த என்சைம் மேல டெஸ்ட் பண்றாங்க, ஆனா ட்யூப்ல என்சைம் நின்னுடுச்சுன்னா மருந்து கிடைச்சுடுச்சுன்னு சொல்லிட முடியாது. தேயிலையில இருக்கிற மாதிரி டானின் நிறைய என்சைம் மேல ஒட்டி மடக்கிடும், சில பொருள் சிஸ்டீன ஆக்சிஜனேற்றம் பண்ணிடும். அதனால நான் கொஞ்சம் டிட்டர்ஜென்ட் சேத்தும் டிடிடி அளவ மாத்தியும் மறுபடி ஓட்டி பாக்காம எந்த ரிசல்ட்டையும் நம்புறது இல்ல. டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்தாதீங்க அத்தைன்னு மட்டும் கெஞ்சி சொல்லிட்டு வந்தேன்.

இத்தன வருசமாகியும் இந்த என்சைம தடுக்கிற மாத்திரை கடைக்கு வராததுக்கு ரெண்டு காரணம் பெருசு. குழிக்குள்ள பாஸ்பேட் மாதிரியே மின்னூட்டம் உள்ள பொருள்தான் நல்லா உக்காரும், ஆனா மின்னூட்டம் இருந்தா செல் சவ்வ தாண்டாது. ரெண்டாவது, டிசிபிடிபின்னு இதுக்கு ஒரு சகோதர என்சைம் இருக்கு, வேலை செய்யுற பகுதி முக்கால்வாசி கிட்ட ஒண்ணாவே இருக்கும், அது இல்லாத எலிங்க பொறந்து சில வாரத்துலயே செத்துப்போச்சு. அதனால எங்க ஃப்ரீசர்ல ரெண்டு என்சைமும் பக்கத்து பக்கத்துல இருக்கு, எந்த பொருளா இருந்தாலும் ஒரே நாள்ல ரெண்டு பிளேட்லயும் ஓட்டுவோம், பிடிபி1பி பிளேட்டு நிறமில்லாம நின்னு மத்தது மஞ்சளா வந்தாதான் அடுத்த வேலை.