காதிஸ் போகும் முன் பௌர்ணமி என்றைக்கு என்று பாருங்கள்

"மார்ச் கடைசி, இல்லாவிட்டால் ஏப்ரல். காதிஸில் இரண்டு நாள். கோடை இல்லையே, கூட்டம் இருக்காது. ரூம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்." ஸ்பெயின் பயணத் திட்டம் போட்டுத் தருகிறவர்களுக்கு இந்த வரிகள் மனப்பாடம். ஒவ்வொரு வருஷமும் ஜனவரியில் வரத் தொடங்கும், ஏப்ரல் வரை நிற்காது. அத்தனையும் தப்பு என்பதால் இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிடுகிறேன்.

காதிஸ் இருக்கும் தென் ஸ்பெயின் பகுதியான ஆண்டலூசியாவின் வசந்த காலத்தை நடத்துவது ஈஸ்டர். கிறிஸ்துமஸ் மாதிரி அது ஒரே தேதியில் உட்கார்ந்திருப்பதில்லை. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். ஆகவே மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். பெரும்பாலான வருஷங்களில் நம் பங்குனி உத்திரத்தை ஒட்டியே வரும் என்பது வசதியான அடையாளம். 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28, 2028-ல் ஏப்ரல் 16. மூன்று வருஷம், மூன்று வெவ்வேறு வாரம். "நண்பர் ஏப்ரல் முதல் வாரம் போனார், ஊர் காலியாக இருந்ததாம்" என்ற தகவலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவர் போனது ஈஸ்டருக்கு முன்னாலா, பின்னாலா? அதைக் கேளுங்கள், மாதத்தைக் கேட்டுப் பயனில்லை. 2027-ல் இன்னொரு கூத்தும் உண்டு. ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவது மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று, அதாவது அதே ஈஸ்டர் விடியலில். அன்று காலை ரயில் எடுத்திருந்தால் தூக்கத்தில் ஒரு மணி நேரம் போச்சு.

குருத்து ஞாயிறு முதல் ஈஸ்டர் வரை எட்டு நாள், செமானா சாந்தா எனும் புனித வாரம். ஸ்பானியர்களே கடற்கரைக்குக் கிளம்பும் விடுமுறை அது. பெரிய வியாழனும் பெரிய வெள்ளியும் ஆண்டலூசியாவில் பொது விடுமுறை, கடைகள் மூடியிருக்கும். காதிஸின் பழைய ஊர் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த சின்ன முனை; தெருக்கள் நம் ஊர் சந்து அகலம். ஒவ்வொரு கோயிலிலிருந்தும் சுரூபங்களைச் சுமந்துகொண்டு பவனி கிளம்பி, பேராலயம் வந்து, நள்ளிரவுக்கு மேல் திரும்பும். மாலையில் டாக்ஸி உள்ளே வராது. பெட்டியை உருட்டிக்கொண்டு பவனிக்குக் குறுக்கே போக முயலாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் அறைக்குள் பெட்டி போய்ச்சேர்கிற மாதிரி ரயில் எடுங்கள். கூர்முனைத் தலைமூடி அணிந்து வருகிறவர்களைக் கண்டு அமெரிக்க இனவெறிக் கும்பலை நினைத்துப் பதற வேண்டாம். இது தவம் செய்பவரின் உடை, அந்தக் கும்பலைவிடப் பல நூற்றாண்டு பழையது. காதிஸில் சுமப்பவர்கள் கையில் கவட்டைக்கோல் இருக்கும். ஓர்கீயா என்பார்கள். அது தரையில் சீராக விழும் ஓசைக்காகவே அந்த வாரம் போகலாம். மழை வந்தால் பவனி ரத்து. பழம் மரச் சிற்பங்களை யாரும் நனைய விடமாட்டார்கள். 2024 புனித வாரத்தில் ஆண்டலூசியா முழுக்க அப்படித்தான் பல பவனிகள் நின்றுபோயின. பவனிக்காகவே போகிறவர்கள் ஒரே நாளை நம்பாமல் மூன்று இரவாவது வையுங்கள்.

ஈஸ்டர் முடிந்தால் உடனே காலி என்றும் எண்ணாதீர்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து செவில்லாவில் ஃபெரியா திருவிழா. அங்கே தங்கி காதிஸுக்கு வந்துபோகும் திட்டம் அந்த வாரம் கட்டுப்படியாகாது. ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கத்தில் ஹெரெஸ் பந்தயத் தடத்தில் மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ, மே மாதத்தில் அதே ஊரில் குதிரைத் திருவிழா. ஹெரெஸ் காதிஸுக்குப் பக்கத்து ஊர். அந்த வாரக் கடைசிகளில் விரிகுடா முழுக்க அறை தட்டுப்பாடு. இவை இல்லாத வார நாட்களாகப் பொறுக்குங்கள். என் கணக்கில், குதிரைத் திருவிழா வாரம் நீங்கலாக, மே நடுப்பகுதி சிறந்தது.

"பீச்சில் குளிக்கலாமா?" பார்க்கலாம், நடக்கலாம். இது மத்தியதரைக் கடல் இல்லை, அட்லாண்டிக். ஏப்ரலில் பகல் வெயில் 20 டிகிரி வந்தாலும் தண்ணீர் 16, 17-தான். ஓதம் ஏறி இறங்கும் அளவும் பெரிது. லா காலேத்தா கடற்கரையில் வற்றும்போது பாறைத்தட்டு வெளியே வரும், ஏறும்போது திரும்பும் வழி மறையும். குழந்தைகளை அந்தப் பாறைகளில் விடும் முன் அன்றைய ஓத நேரத்தைப் பாருங்கள். அடுத்தது காற்று. கிழக்கிலிருந்து வருவது லெவாந்தே, வறண்டது, சூடானது, பிடித்தால் நாட்கணக்கில் விடாது. மேற்கிலிருந்து வரும் போனியந்தே ஈரமானது, குளிர்ச்சியானது. லெவாந்தே பலமாக வீசினால் விக்டோரியா கடற்கரை மணல் முகத்தில் ஊசியாகக் குத்தும். ஊர் மறைப்பதால் மேற்கு பார்த்த காலேத்தாவில் தாக்கம் குறைவு. விரிகுடாவின் எதிர்க்கரையில் இருக்கும் எல் புவெர்த்தோ ஊருக்குப் போகும் படகு நின்றுபோகலாம், ரயிலும் அங்கே போகிறது என்பதை நினைவில் வையுங்கள். குடை வேண்டாம், தொப்பி வைத்த மழைச்சட்டை எடுங்கள்.

அறை எடுக்கும்போது வரைபடத்தில் புவெர்த்தாஸ் தே தியேர்ரா எனும் கோட்டை வாசலைக் கண்டுபிடியுங்கள். உள்ளே இருப்பதுதான் நீங்கள் படத்தில் பார்த்த காதிஸ். "காதிஸ் ஹோட்டல், மலிவு" என்று வருவதில் பல, வாசலுக்கு வெளியே நீளும் புது ஊரில் இருக்கும். பேராலயத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர். ரயில் நிலையம் பழைய ஊர் ஓரத்திலேயே. செவில்லாவிலிருந்து ஏறக்குறைய 1 மணி 40 நிமிடம். வாடகைக் கார் எதற்கு? நிறுத்த இடம் தேடியே ஒரு நாள் போகும். உள்ளூர்க்காரர் ஊர்ப் பெயரை விழுங்கி "காய்" என்பார்கள், வழி கேட்கும்போது குழம்ப வேண்டாம்.

திங்கட்கிழமை மட்டும் வைத்துக்கொண்டு வராதீர்கள். இரண்டு ஃபினீசியக் கல் சவப்பெட்டிகள் உள்ள அருங்காட்சியகம் அன்று விடுமுறை. தாவிரா கோபுரத்தின் இருட்டறைப் படக்கருவி (வெளியே தெரியும் ஊரை உள்ளே இருட்டறைத் திரையில் காட்டுவது) வெளிச்சத்தை நம்பியது, மேகம் கவிந்தால் காட்சி இல்லை. வெயில் உள்ள பகலுக்கு நேரச்சீட்டு வாங்குங்கள், படி ஏற முடியாதவர்களைக் கீழே உட்கார வையுங்கள். மேலிருந்து பார்த்தால் பழைய வணிகர்கள் கப்பல் பார்க்கக் கட்டிய கோபுரங்கள், 120-க்கு மேல் இன்னும் நிற்கின்றன. பேராலயக் கூரையின் கீழ் கட்டியிருக்கும் வலை அலங்காரம் இல்லை, உப்பு அரித்து உதிரும் கல்லைப் பிடிக்க. துறைமுகம் பழைய ஊரை ஒட்டியே இருப்பதால் சொகுசுக் கப்பல் வந்த நாளில் பத்திலிருந்து நான்கு மணி வரை நெரிசல். வரும் கப்பல்களின் பட்டியலைத் துறைமுகம் முன்கூட்டியே வெளியிடுகிறது. பார்த்துவிட்டுப் போங்கள்.

விசா. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்; வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். "விசா வரட்டும், பிறகு ரூம்" என்று காத்திருந்தால் புனித வாரத்துக்கு அறை இருக்காது. இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை முதலில் பிடியுங்கள். தயவுசெய்து டம்மி புக்கிங் வைக்காதீர்கள், சரிபார்த்தால் நிராகரிப்புதான். இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: தாரிஃபாவிலிருந்து ஒரு மணி நேரப் படகு என்றதும் டாஞ்சியர் போய்வரத் துடிக்கிறார்கள். அது மொராக்கோ. விசா ஒட்டியில் நுழைவு எண்ணிக்கை 01 என்றிருந்தால் ஷெங்கன் (ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதி) எல்லையைத் தாண்டியதும் அந்த விசா முடிந்தது, திரும்பி ஸ்பெயினுக்குள் வர முடியாது. திரும்பும் விமானம் மாட்ரிட்டில் காத்திருந்தாலும் முடியாது.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. மதியச் சமையலறை ஒன்றரைக்குத் திறந்து நான்குக்கு மூடும், இரவில் எட்டரைக்கு முன் சூடாக எதுவும் கிடைக்காது. அசைவக்காரர்களுக்கு ஏப்ரல் முதல் சூரை மீன் பருவம், விட்டுவிடாதீர்கள். சைவர்களுக்குத்தான் பொறி. தோர்த்தியீத்தா தே கமரோனெஸ் நம் அடை மாதிரிதான் இருக்கும், உள்ளே பூராவும் குட்டி இறால். "கலவை சாலட்" என்றால் மேலே சூரை மீன் வரும். "கார்னே (இறைச்சி) வேண்டாம்" என்றால் அவர்களுக்கு அதில் மீன் சேராது. "நோ கோமோ கார்னே நி பெஸ்காதோ" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், கூடவே "நி ஹமோன்" என்றும் சொல்லுங்கள். பன்றித்தொடைத் துணுக்கைப் பலர் இறைச்சிக் கணக்கிலேயே வைப்பதில்லை.