மூணு நாள் பத்தியமும் மூணு மாச சுகரும்

கோபி பக்கம் சின்னதா லேப் வெச்சு பத்தொம்பது வருசமாச்சுங்க. காலைல ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கறப்பவே வெறும் வயித்தோட நாலு பேரு திண்ணைல உக்காந்திருப்பாங்க. போன மார்கழில அப்படி வந்த ஒரு அம்மா, ஊசியெடுக்கறதுக்கு முன்னாடியே, "தம்பி, மூணு நாளா கெட்டிப் பத்தியமுங்க, காப்பிக்குக் கூட சக்கரை போடலை, ராத்திரிக்கு ராகிக் களிதான், இந்தவாட்டி நல்லா வரும் பாருங்க"ன்னாங்க.

வெறும் வயித்து சுகர் 142, முன்னாடி 190 இருந்தது, மூஞ்சி முச்சூடும் சிரிப்பு. பொழுதோட மூணு மாச சுகர் ரிப்போர்ட்டு வாங்க வந்தாங்க, அதாவது HbA1c, கடைசி மூணு மாசமா சுகர் எப்படி இருந்ததுன்னு காட்டற டெஸ்டு, 8.6 சதவீதம், கூடத்தான். "மிஷினு கெட்டுப் போச்சுங்களா தம்பி?"

மிஷினு கெடலைங்க. மூணு நாள் பத்தியம் வெறும் வயித்து சுகரைக் கொறைக்கும், மூணு மாச சுகரை அசைக்காது. ஏன்னு புரியோணும்னா சிவப்பணுவை சித்தெ கிட்டப் போய்ப் பாக்கோணும்.

மைக்ராஸ்கோப்புல தட்டு வடைய நடுவுல அமுக்கி விட்டாப்புல தெரியும், அகலம் 7, 8 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள்ள நூத்துச் சொச்சம் செல்லை வரிசையா நிறுத்தலாம். நம்ம உடம்புல மத்த செல்லு அனேகமா எல்லாத்துக்கும் நியூக்ளியஸ் இருக்கு, அதுக்குள்ள டிஎன்ஏ, எந்தப் புரோட்டீனை எப்படிக் கட்டறதுங்கற குறிப்பு அதுலதான். சிவப்பணுவும் எலும்பு மஜ்ஜைல வளர்றப்ப நியூக்ளியஸோடதான் இருக்கும், ரத்தத்துக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடியே அதை வெளிய தள்ளிரும், கொஞ்ச நாள்ல மைட்டோகாண்ட்ரியாவையும், அதாவது ஆக்சிஜனை வெச்சு சக்தி செய்யற அடுப்பையும், ஒழிச்சுக் கட்டிரும். அத்தனை எடத்துலயும் ஆக்சிஜனைச் சொமக்கற புரோட்டீனான ஹீமோகுளோபினா அடைச்சு வெச்சிருக்கும், ஒரே செல்லுல சுமாரா 27 கோடி.

குறிப்பு போயிருச்சுன்னா புதுசா புரோட்டீன் செய்ய முடியாதுங்க. கெளம்பறப்ப கொண்டு வந்த ஹீமோகுளோபினை வெச்சுத்தான் கிட்டத்தட்ட 120 நாளை ஓட்டோணும். இந்த நாள்ல ரத்தத்துல திரியற குளுக்கோஸ் தானாப் போய் ஹீமோகுளோபின் சங்கிலியோட நுனில ஒட்டிக்கும், என்சைம் ஒண்ணும் வேண்டியதில்லை. ஒட்டி நெலைச்சிருச்சுன்னா செல்லு செத்து மண்ணீரல் பக்கம் ஒழியற வரைக்கும் போகாது. ஹீமோகுளோபின்ல நூத்துக்கு எத்தனைல இப்படி சக்கரை ஒட்டியிருக்குன்னு எண்ணறதுதான் மூணு மாச சுகர். வெள்ளை வேட்டியை ரோட்டோரக் கொடில மூணு மாசம் எடுக்காம விட்ட மாதிரி, கடைசி மூணு நாள் புழுதி இல்லைன்னா வேட்டி வெளுத்துருமா?

இன்னொண்ணு இருக்குங்க. செல்லுக்கு மேல இருக்கற சவ்வு ரெண்டு அடுக்குக் கொழுப்பு, சர்க்கரை தண்ணில கரையறது, அதுல பூந்து போக முடியாது, போகோணும்னா அங்கங்க புரோட்டீன்ல வாசல் வெச்சிருக்கு. தசைக்கும் கொழுப்பு செல்லுக்கும் இன்சுலின் வந்து சொன்னாத்தான் வாசல் போதுமான அளவுக்குத் தெறக்கும். சிவப்பணு இன்சுலினுக்குக் காத்திருக்காது. வெளிய எவ்வளவு ஏறுதோ அதுக்குத் தக்கன உள்ளயும் ஏறும். கணக்கு இவ்வளவு ஒழுங்கா விழறது அதனாலதான்.

அந்தம்மா அடுத்துச் சொன்னது, "நான் கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரைதானுங்க போடறேன், வெள்ளைச் சக்கரை வூட்டுக்குள்ளயே வர்றதில்லை." இதை வாரத்துக்கு பத்துப் பேராவது சொல்லுவாங்க. கவுந்தப்பாடிச் சரக்கை நான் கொறை சொல்ல மாட்டேனுங்க, பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகுது. ஆனா ரெண்டுலயும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், ஒரு குளுக்கோசும் ஒரு ஃப்ரக்டோசும் கை கோத்தது, குடல்ல கை விட்டுட்டா வெள்ளைல வந்ததா பழுப்புல வந்ததான்னு ரத்தத்துக்குத் தெரியாது. ராகிக் களியும் மாவுச்சத்துதான், குளுக்கோசை மணி கோத்தாப்புல கோத்தது, நார் இருக்கறதால சித்தெ மெதுவா அவுரும், அவ்வளவுதான். ரெண்டு உருண்டை தின்னா ரெண்டு உருண்டைக் கணக்கு.

இந்த டெஸ்டும் ஏமாறற எடம் உண்டுங்க. இரும்புச்சத்து கொறைஞ்சு சோகை இருந்தா நெசத்தை விட ஏத்திக் காட்டலாம். ரத்தம் ஏத்திக்கிட்டவங்களுக்கும், ரத்தம் நெறையப் போனவங்களுக்கும் இளசு செல்லோ வேத்தாள் செல்லோ கலந்துரும், கொறைச்சுக் காட்டலாம். ஹீமோகுளோபினே வேற மாதிரி இருக்கறவங்களும் உண்டு, 1952ல நீலகிரி மலை மக்கள்கிட்ட சிக்கிள் செல், அதாவது சிவப்பணு அருவா மாதிரி வளையற கோளாறு, இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க, டிஎன்ஏல ஒரே ஒரு எழுத்து மாறி, ஹீமோகுளோபினோட பீட்டா சங்கிலில ஆறாவது எடத்துல குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலா வேலைன் வந்து உக்காந்ததுல வர்றது அது. அதனால நான் 8.6ஐப் பாத்ததும் அந்தம்மாவோட ஹீமோகுளோபின் அளவையும் பாத்தேன், 12.4, சோகை இல்லை, நம்பலாம்.

என் தப்பு ஒண்ணையும் சொல்லீர்றேன், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. லேப் ஆரம்பிச்ச புதுசு, அந்தியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துல பெரியவர் ஒருத்தருக்கு வூட்டுக்கே போய் ரத்தம் எடுத்தேன். சுகருக்குன்னு இருக்கற சாம்பல் மூடி டியூப்பு தீந்து போச்சு, ஒரு நாளைக்கு என்ன ஆகும்னு செவப்பு மூடில எடுத்து வண்டிப் பொட்டில போட்டுட்டு வர்றேன், சித்திரை வெயிலு, வழில பஞ்சர், லேப் வந்து சேர மூணு மணி நேரம். சுகர் 88ன்னு வந்தது, அப்படியே எழுதிக் குடுத்துட்டேன். டாக்டரு ஃபோனைப் போட்டு, "எனக்கு சந்தேகமா இருக்கு, திரும்ப எடுங்க"ன்னாரு. மக்யா நாள் சரியான டியூப்புல எடுத்தா 121. அவரு மட்டும் கேக்கலைன்னா பெரியவருக்கு மாத்திரையைக் கொறைச்சிருப்பாங்க.

என்னாச்சுன்னா, டியூப்புக்குள்ள போனாலும் செல்லு உசுரோடதான் இருக்கும். மைட்டோகாண்ட்ரியா இல்லாததால சிவப்பணுவுக்கு குளுக்கோசை விட்டா வேற சோறு கிடையாது, ஆக்சிஜனை எல்லாம் சொமக்கும், தனக்குன்னு துளி எடுத்துக்காது. சும்மா வெச்சிருந்தாலே மணிக்கு 5லருந்து 7 சதவீதம் சுகர் கொறையும், வெயில்ல இன்னும் வேகம். சாம்பல் மூடில இருக்கற ஃப்ளோரைடு அந்தத் தீனியை நிறுத்தும், அதுவும் மொதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம் முழுசா நிறுத்தாது. மூணு மாச சுகருக்கு ஊதா மூடி, அதுக்கு இந்தத் தொந்தரவு இல்லை, ஒட்டினது ஒட்டினதுதான்.

அதனால வூட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கற பையன்கிட்ட சுகருக்கு என்ன மூடி, எத்தனை மணிக்கு லேப்புக்குப் போகும், வழில இன்னும் எத்தனை வூடுன்னு கேளுங்க. மூஞ்சியச் சுளிச்சா சுளிச்சுக்கட்டும்.